எட்டே முக்கால் ஆம்பியர்

அன்பு எழில்,

நீயும் ஸ்ராவணியும் குகட்பள்ளிக்குக் குடிபோய் ஏழு வாரம் ஆகிவிட்டது. உன் அறையை அப்படியே வைத்திருப்போம் என்று கல்யாணத்தன்று எல்லோர் முன்னாலும் வீரமாகச் சொன்ன உன் அப்பா, மூன்றாம் நாளே அங்கே ஊறுகாய் ஜாடிகளை அடுக்கிவிட்டார். நீ வந்து படுத்தால் ஆவக்காய் வாசனையோடுதான் தூங்க வேண்டும். இதற்கிடையில் நம் தமிழ்ச் சங்கத்து மலருக்கு என்னிடம் ஒரு சமையல் குறிப்பு கேட்டார்கள். முப்பத்தோரு வருஷம் ஃபாக்டரியில் மீட்டர் பார்த்தவளிடம் போய் ரசப்பொடி அளவு கேட்டால் எப்படி? அதற்குப் பதிலாக என் மகனுக்கு ஒரு கடிதம் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆகவே இதை நாலு பேர் படிப்பார்கள். படிக்கட்டும். என் தப்பு ஒன்றை நாலு பேருக்கு முன்னால் வைத்துத்தான் மூடி மறைத்தேன். அதை ஒப்புக்கொள்வதும் நாலு பேருக்கு முன்னாலேயே நடக்கட்டும். தமிழை நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். அது நல்லதுதான். சில விஷயங்களை மெதுவாகப் படிப்பதே நல்லது.

நான் வேலை பார்த்த இடம் உனக்குத் தெரியும், வேலை என்னவென்று நீ முழுதாகக் கேட்டதில்லை. டெஸ்டிங் செக்‌ஷனில் என் மேசைக்கு ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் காயில்கள் வரும். விரல் தடிமனில் செம்புக் கம்பி சுற்றிய சின்ன உருளைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் கரண்டை விட வேண்டும். எத்தனை ஆம்பியர் போகிறது, இரண்டு முனைகளுக்கு நடுவே எத்தனை வோல்ட் நிற்கிறது, இந்த இரண்டைத்தான் மீட்டரில் பார்ப்போம். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் அந்தக் காயிலின் ரெசிஸ்டன்ஸ் கிடைக்கும், அது எத்தனை ஓம் என்று. அதே இரண்டு எண்களைப் பெருக்கினால் பவர் கிடைக்கும், அது எத்தனை வாட் சூட்டைக் கக்கும் என்று. வகுத்தால் ஒன்று, பெருக்கினால் இன்னொன்று, அவ்வளவுதான் என் பிழைப்பு. விருதுநகரில் தமிழ் மீடியத்தில் மின்தடை, மின்திறன் என்று படித்துவிட்டு, தெலுங்கும் தெரியாமல் இந்தியும் தெரியாமல் இந்த ஊருக்கு வந்தவளுக்கு, எந்தப் பாஷையிலும் மாறாத விஷயம் ஒன்று கிடைத்ததே என்று அத்தனை நிம்மதி. அந்த நிம்மதி கொஞ்சம் கொஞ்சமாக எப்போது கர்வமாக மாறியது என்று எனக்கே தெரியவில்லை.

நீ ஒன்பதாவது படித்த வருஷம் நம் ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டில் கீசர் மாட்டினோம். அதுவரை வெந்நீர் அடுப்பில்தான். கீசர் வந்த முதல் மாதம் உன் அப்பா ஆஃபீசுக்கு லேட்டாகப் போகாத நாளே கிடையாது. ஒரு நாள் காலையில் நீ குளித்துவிட்டு வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாய்: "அம்மா, கீசர் ஸ்விட்ச் வேடிகா உந்தி." சுடுகிறது என்று தெலுங்கில் சொன்னாய். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு நான் தமிழில் கேட்டால் நீ தெலுங்கில்தான் பதில் சொல்வாய். அந்த 'வேடிகா' என் காதில் வேடிக்கையாகத்தான் விழுந்தது. நானும் அதை வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டேன்.

மறுநாளும் சொன்னாய். மூன்றாம் நாள், "சாக்கெட் பக்கத்துல செவுரே சுடுதும்மா, வந்து பாரு" என்று, எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காகவோ என்னவோ, தமிழிலேயே சொன்னாய். பாத்ரூம் பத்தடி தூரம்கூட இல்லை. நான் எழுந்திருக்கவில்லை. தினசரிக் காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். கீசர் இரண்டாயிரம் வாட். வீட்டுக்கு வருவது இருநூற்று முப்பது வோல்ட். வகுத்தால் கிட்டத்தட்ட எட்டே முக்கால் ஆம்பியர். சாக்கெட் தாங்குவது பதினைந்து ஆம்பியர். பாதியைவிடக் கொஞ்சம்தான் கூட. எட்டே முக்காலுக்கு அடியில் இரண்டு கோடு போட்டு உன் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"இது சுட முடியாதுடா. எண் பொய் சொல்லாது. உன் கைதான் பொய் சொல்லுது."

நீ அந்தத் தாளைப் பார்த்தாய். பிறகு உன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாய். பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாய்.

நான்காம் நாள் காலையில் நடந்தது நம் காலனியில் இன்றைக்கும் பேசப்படும் கதை. உன் அப்பா தலை நிறைய ஷாம்பு போட்டுக்கொண்டு நிற்கும்போது, பாத்ரூமுக்கு வெளியே சுவரில் இருந்த சாக்கெட்டில் 'டப்' என்று ஒரு சத்தம். பிறகு புகை. ஃபியூஸ் போகவில்லை. எப்படிப் போகும்? கரண்ட் அளவுக்கு மீறி ஓடினால்தானே போகும்? ஓடியது அதே எட்டே முக்கால்தான். நான் அடுப்படியிலிருந்து வந்து, கையில் கரண்டியோடு, உருகி வழிந்த பிளாஸ்டிக்கைப் பார்த்துக்கொண்டு மலைத்து நின்றேன். நீதான் ஓடிப்போய் ஸ்டூலைப் போட்டு ஏறி மெயினை இறக்கினாய். உன் அப்பா இடுப்பில் துண்டோடும் தலையில் நுரையோடும் வாசலுக்கே ஓடி, அங்கே மாடியிலிருந்து இறங்கிவந்த ஆன்ட்டிகள் மூன்று பேரைப் பார்த்துவிட்டு, உள்ளே வருவதா வெளியே நிற்பதா என்று தெரியாமல், கடைசியில் "குட் மார்னிங்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு நான் செய்ததைத்தான் நீ மறந்திருக்க மாட்டாய். மாடி ஆன்ட்டி என்ன ஆயிற்று என்று கேட்டார். "கடைக்காரன் டூப்ளிகேட் சாக்கெட்டைக் கொடுத்து ஏமாத்திட்டான்" என்றேன். நீ என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். "நேனு செப்பானு" என்று மெதுவாகச் சொன்னாய். நான் சொன்னேனே என்று. எல்லோர் காதிலும் விழுந்தது. நான் திரும்பி, "பெரியவங்க பேசும்போது நடுவுல பேசாதே" என்றேன். நீ உள்ளே போய்விட்டாய். மெயினை இறக்கி வீட்டைக் காப்பாற்றிய பிள்ளைக்கு அன்று காலையில் கிடைத்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

இனி எழுதுவது உனக்குத் தெரியாதது. அந்தக் கருகிய சாக்கெட்டையும் பிளக்கையும் ஒரு கவரில் போட்டு மறுநாள் வேலைக்கு எடுத்துப் போனேன். சாப்பாட்டு நேரத்தில் செக்‌ஷன் ஆளில்லாமல் இருந்தபோது, பிளக்கை சாக்கெட்டில் செருகி, அதே எட்டே முக்கால் ஆம்பியரை அதற்குள் விட்டேன். பிளக்கின் காலுக்கும் சாக்கெட்டின் திருகுக்கும் நடுவே மீட்டரை வைத்தேன். நல்ல சாக்கெட்டாக இருந்தால் அங்கே வோல்ட் என்று ஒன்று காட்டவே கூடாது. ஐந்து வோல்ட் காட்டியது. உள்ளே பிளக்கைப் பிடிக்கும் கவ்வி தளர்ந்துபோயிருந்தது. ஐந்தை எட்டே முக்காலால் வகுத்தேன், அரை ஓமுக்குச் சற்று மேல். கீசருக்கே இருபத்தாறு ஓம் இருக்கும்போது இந்த அரை ஓம் எந்த மூலைக்கு என்றுதான் யாருக்கும் தோன்றும். பிறகு பெருக்கினேன். கிட்டத்தட்ட நாற்பத்து நாலு வாட். என் மேசையில் ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்ன் இருபத்தைந்து வாட்தான். அப்படி ஏறக்குறைய இரண்டு அயர்ன்களை அந்தச் சின்ன டப்பாவுக்குள் எரியவிட்டு மூடிவைத்த மாதிரி, நான்கு நாள், உன் அப்பா குளிக்கிற இடத்துக்குப் பக்கத்தில். உன் கை சொன்னது அத்தனையும் உண்மை. சூத்திரத்தின் மேலும் பிழையில்லை. மீட்டரை வைத்துப் பார்க்காமல், கீசர் மேல் ஒட்டியிருந்த எண்ணை எடுத்துக் கணக்குப் போட்ட என்மேல்தான் பிழை. அதுவும் நாள் முழுக்க அளந்து பார்ப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவள்!

சாயங்காலம் உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்தால் நீ கணக்கு நோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாய். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். மறுநாள் சொல்வதற்கு இன்னும் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. ஒரு வாரம் போனபின் அதைத் தனியாக எடுத்துச் சொல்வதே விசித்திரமாக இருக்கும் என்று தோன்றியது. சாரி என்கிற வார்த்தை பால் மாதிரி. அன்றைக்கே காய்ச்ச வேண்டும்.

அதற்குப் பிறகு நீ என்னோடு சண்டை போட்டதில்லை, மரியாதையாகத்தான் இருந்தாய். ஆனால் விஷயங்கள் என்னிடம் வருவது நின்றுபோனது. பள்ளியில் கால் மடங்கியதை அப்பாவிடம் சொன்னாய். காலேஜில் ஒரு பேப்பர் போனதை அப்பாவிடம் சொன்னாய். ஸ்ராவணியைப் பற்றியும் அப்பாவிடம்தான் முதலில் சொன்னாய். அவர் மூன்று நாள் ரகசியம் காத்து, நான்காம் நாள் காய்ச்சல் வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு என்னிடம் உளறினார். பையன்கள் வளர்ந்தால் அப்படித்தான் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் எனக்குள் ஒரு எண்ணம் இருந்துகொண்டே இருந்தது. ஒரு தடவை வந்து சொன்னபோது கேட்காதவளிடம் மறுபடி எதற்கு வந்து சொல்ல வேண்டும் என்று நீ முடிவு செய்துவிட்டாய் போல.

போன சனிக்கிழமை காலையில் ஸ்ராவணி போன் பண்ணினாள். அவள் தெலுங்கில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "அத்தய்யா, நாலு நாளா கிச்சன்ல மீன் நாத்தம் அடிக்குது. நாங்க முட்டைகூட வாங்குறதில்ல. கீழ் வீட்டுல மீன் சமைக்கிறாங்கன்னு உங்க பிள்ளை சொல்றார்."

"இருக்கலாமேம்மா?"

"கீழ் வீட்டுக்காரங்க ஊருக்குப் போய் பத்து நாள் ஆச்சு, அத்தய்யா. வீடு பூட்டிக் கிடக்கு. அதைச் சொன்னா, அப்போ அதுக்குக் கீழ் வீடுங்கறார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே நின்றும் போனது. பழைய ஸ்விட்ச், கனெக்டர்களில் இருக்கும் பேக்கலைட் என்கிற கறுப்புப் பிளாஸ்டிக் சூடேறினால் அச்சு அசல் மீன் மாதிரி நாறும். எங்கள் செக்‌ஷனில் அந்த நாற்றம் வந்தால் முதலில் மெயினை அணைத்துவிட்டுத்தான் மற்ற பேச்சு. "வேற ஏதாவது கவனிச்சியா?" என்று கேட்டேன். கெட்டிலைப் போட்டால் கிச்சன் விளக்கு ஒரு தரம் கண் சிமிட்டுகிறது, ஃப்ரிட்ஜுக்கு மேலே சுவர் வெதுவெதுப்பாக இருக்கிறது என்றாள். எல்லாவற்றையும் கவனித்து வைத்திருந்தாள். கேட்கத்தான் ஆளில்லை. "கிச்சன் லைனை ஆஃப் பண்ணும்மா. நான் வர்ற வரைக்கும் போடாதே" என்றேன்.

இரண்டு பஸ் மாற வேண்டும். அவசரம் என்று சொல்லியும் உன் அப்பா, "மருமக வீட்டுக்கு வெறுங்கையோடவா?" என்று ஸ்வீட் கடையில் நின்று, மைசூர்பாகில் நெய் எத்தனை என்று கால் மணி நேரம் விசாரணை நடத்தினார். நான் மீட்டர் பையைக் கட்டிக்கொண்டு ஃபுட்பாத்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்த உனக்கு என்னைப் பார்த்ததும் சங்கடமாகத்தான் இருந்தது.

"ஏம்மா, இதுக்காக ரெண்டு பஸ் மாறி வந்தியா? நேனு கால்குலேட் சேசானும்மா, சூடு." கணக்குப் போட்டுவிட்டேன், பார் என்று போனை நீட்டினாய். "கெட்டில் ஆயிரத்தைந்நூறு வாட். பை இருநூத்தி முப்பது. ஆறரை ஆம்பியர். ஒயர் இருபது தாங்கும். அது ஹீட் ஆகவே முடியாது. ஊரிகே, சும்மா இவளுக்குத்தான் டவுட்டு."

எழில், அந்த நிமிஷம் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? உன் மூக்கு உன் அப்பா மாதிரி, நடை உன் அப்பா மாதிரி என்று ஊரே சொல்லும். என் ஜாடை உன்னிடம் எங்கே இருக்கிறது என்று இத்தனை நாள் தேடியிருக்கிறேன். இதோ, நேருக்கு நேர் நின்றது. காலண்டர் தாளுக்குப் பதிலாக போன், அவ்வளவுதான் வித்தியாசம். உன் பின்னால் ஸ்ராவணி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அந்த முகத்தையும் எனக்கு ஏற்கனவே தெரியும், அன்று காலண்டர் தாளைப் பார்த்த உன் முகம்.

 மீட்டரை எடுத்தேன். லைனைப் போட்டதும் கிச்சன் சாக்கெட்டில் இருநூற்று முப்பது வோல்ட். உனக்குத் திருப்தி. "பாத்தியா?" என்றாய். ஒன்றும் ஓடாதபோது எல்லா லைனும் நல்ல லைன்தான். கெட்டிலைப் போடச் சொன்னேன். மெயின் போர்டில் இருநூற்று முப்பது அப்படியே நின்றது. கிச்சனில் இருநூற்று இருபத்திரண்டு. விளக்கு சிமிட்டியது. ஓடிய கரண்ட் ஆறே கால் ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே. மெயினுக்கும் கிச்சனுக்கும் நடுவே எட்டு வோல்ட் காணாமல் போயிருந்தது.

"ஒயர்ல கொஞ்சம் லாஸ் இருக்கும்மா, நார்மல்" என்றாய்.

"பன்னெண்டு மீட்டர் ஒயரில் ஒரு வோல்ட் போகலாம், மிஞ்சிப்போனா ஒன்றரை. மீதி எங்கே போகுது? நீயே பெருக்கு" என்றேன். நீ போனில் பெருக்கினாய். ஒயருக்கு ஒன்றைக் கழித்து, ஏழை ஆறே காலால். கிட்டத்தட்ட நாற்பத்து நாலு. "நாற்பத்து நாலு வாட்" என்று சொல்லும்போதே உன் குரல் இறங்கிவிட்டது. நாற்பது வாட் குண்டு பல்பு எரியும்போதே அதைக் கையால் தொட முடியாது. அதைவிடக் கூடுதலான சூடு உன் வீட்டுச் சுவருக்குள் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது.

"எங்கேன்னு கண்டுபிடிக்கணுமே" என்றேன். ஸ்ராவணி யாரையும் கேட்காமல் ஸ்டூலில் ஏறி, ஃப்ரிட்ஜுக்கு மேலே பெயின்ட் பூசி மறைந்துபோயிருந்த சின்ன மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். "இங்கே, அத்தய்யா. முதல் நாளே சொன்னேன்."

மெயினை இறக்கிவிட்டு, ஆறவிட்டு, நீதான் அந்த மூடியைத் திருகிக் கழற்றினாய். மீன் மார்க்கெட்டே உள்ளே இருந்த மாதிரி ஒரு வீச்சம். பழைய கறுப்பு கனெக்டர், ஒரு திருகு தளர்ந்து, ஒரு பக்கம் கரியாகிப் பொருபொருவென்று உதிர்ந்தது. அதற்குள் வந்த ஒயரின் மேல்தோல் பழுப்பேறி வெடித்திருந்தது. இன்னும் எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை. கனெக்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் நின்றாய். 

உன்னைத் திட்டியிருக்கலாம், நல்ல சந்தர்ப்பம். ஆனால் திட்டுகிற யோக்கியதை அந்த வீட்டில் எனக்குத்தான் கடைசியாக உண்டு. அதனால் ஸ்ராவணியைப் பார்த்து, கீசர் கதையை முதலிலிருந்து சொன்னேன். காலண்டர் தாள், உன் கை பொய் சொல்லுது என்று நான் சொன்னது, வாசலில் நின்று உன்னை அடக்கியது, ஃபாக்டரியில் அளந்து பார்த்தும் வாய் திறக்காதது, எல்லாவற்றையும். உன் அப்பா நுரையோடு ஓடின இடத்தில் அவள் சிரித்தாள். கடைசியில் சிரிக்கவில்லை.

நீ மெதுவாகச் சொன்னாய்: "நீ அதை மறந்துட்டேன்னு நினைச்சேன்மா."

"அன்னிக்கு உன் கை சொன்னதுதான் சரி. நான் எழுந்து வந்து தொட்டுப் பார்த்திருக்கணும். தப்பு என்னோடது" என்றேன். பதினான்கு வருஷமாகத் தள்ளிப்போட்டது, சொல்லி முடிக்கப் பத்து வினாடிகூட ஆகவில்லை. உன் அப்பா மைசூர்பாகு டப்பாவைத் திறந்துகொண்டே, "இதைச் சொல்லிடு சொல்லிடுன்னு பதினாலு வருஷமா நான் தலைபாடா அடிச்சுக்கிறேன். வனவாசமே முடிஞ்சுபோச்சு" என்றார். ஒரு நாள்கூட அவர் அப்படிச் சொன்னதில்லை. போகட்டும்.

அப்போது நீ ஸ்டூலிலிருந்து இறங்கினாய். கையில் கரி. என்னிடம் வருவாய் என்றுதான் நினைத்தேன். நீ ஸ்ராவணியிடம் போனாய். நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்ற கூச்சம்கூட இல்லாமல், "சாரி, ஸ்ராவணி. நுவ்வு செப்பிந்தே கரெக்ட்டு, நீ சொன்னதுதான் சரி. நாலு நாளா சொன்னே, நான் எழுந்து வந்து ஒரு தடவைகூடத் தொட்டுப் பாக்கல" என்றாய். அவள் உன் கையிலிருந்து அந்தக் கனெக்டரை வாங்கி, முகர்ந்து பார்த்து, "கீழ் வீட்டு மீனு" என்றாள். பிறகு இருவரும் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்த சிரிப்பில், நானும் உன் அப்பாவும் பால்கனிக்குப் போய் நின்றுகொண்டோம்.

மூடியைக் கழற்றியதிலிருந்து நீ அவளிடம் போய் நின்றது வரை, நடுவில் என் நீளமான கதையையும் சேர்த்துப் பார்த்தால்கூட, பத்து நிமிஷம் இருக்காது. எனக்குப் பதினான்கு வருஷம் ஆன வேலை அது. ரிடயர் ஆனாலும் அளக்கிற புத்தி என்னை விட்டுப் போகவில்லை பார். இதையும் அளந்துவிட்டேன். என் பிள்ளை என்னைவிட நல்லவன் என்று கணக்கு சொல்கிறது. இந்தக் கணக்கை நான் நேரில் நின்று, என் கண்ணால் பார்த்துப் போட்டிருக்கிறேன்.

என்றும் உன்,
அம்மா